ஞானப்பல்லும் நம் ஞானமும்

மனிதனுடைய வாயில், சாதாரணமாக 17 வயதுக்கு மேல் 25 வயதுக்குள்ளாக, மேல் தாடையில் இரண்டும் கீழ்த் தாடையில் இரண்டுமாகக் கடைசியில் முளைக்கிற நான்கு பற்களுக்கு ஞானப்பல் என்றும் அறிவுப்பல் என்றும் பெயர் சொல்லுகிறார்கள். புத்தி தெளிகிற பருவத்தில் முளைக்கிற பல் என்கிற அர்த்தத்தில் மேல்நாட்டார் வைத்த பெயரைத்தான் நாமும் எடுத்துக்கொண்டோம். பெயரோடு நின்றிருந்தால் நமக்கு ஆட்சேபணையே இல்லை. ஆனால் நம் நாட்டில் ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டால் போதும். பின்னாலேயே அதற்கு ஒரு மகத்துவமும், ஒரு பயமும் வந்து சேர்ந்துவிடும். அறிவுப்பல்லைப் பிடுங்கினால் அறிவு போய்விடும் என்றும், முப்பத்திரண்டு பல்லும் உள்ளவன் வாக்குத்தான் பலிக்கும், ஒன்று குறைந்தாலும் பலிக்காது என்றும் சொல்லுகிறவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். மதுரைச் சீமைக்கு இது ஆச்சரியமுமல்ல. மூன்று வயதுப் பிள்ளை ஞானப்பால் குடித்து ஞானம் பெற்றதென்றும், அந்த ஞானத்தோடு மதுரைக்கு வந்து சமணரை வாதில் வென்று எண்ணாயிரம் பேரைக் கழுவேற வைத்ததென்றும் புராணம் படித்துப் பூரிக்கிற ஜனங்களுக்கு, பாலில் வந்த ஞானம் பல்லில் வரக்கூடாதா? பாலுக்கும் பல்லுக்கும் ஒரு கால் எழுத்துத்தானே வித்தியாசம்!

ஞானப்பல்லுக்கும் ஞானத்துக்கும் சம்பந்தமிருந்தால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். உலகத்தில் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்கு இந்த நான்கில் ஒன்றாவது உண்டாவதே இல்லை என்று பல தேசங்களில் எடுத்த கணக்குகளைச் சேர்த்துப் பார்த்து ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். அந்த ஐந்தில் ஒருவரெல்லாம் அறிவில்லாதவர்களா? இன்னும் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குப் பல் உண்டாகியும், முளைக்க இடமில்லாமல் எலும்புக்குள்ளேயும் ஈறுக்குள்ளேயும் சாய்ந்தும் படுத்தும் கிடக்கிறது. இவர்களுடைய ஞானம் படுத்துக் கிடக்கிறதென்று சொல்லலாமா?

இடமில்லாமல் போன காரணம் ரகசியமொன்றுமில்லை. பச்சை இறைச்சியையும் கிழங்கையும் மென்று தின்ற காலத்து மனிதனுக்குத் தாடை பெரிதாக இருந்தது. அந்தக் கடைசிப் பற்களுக்கும் வேலை இருந்தது. நெருப்பில் வேகவைத்துக் குழையக் குழையத் தின்னத் தொடங்கிய பிறகு தாடை குறுகிற்று. பல்லின் எண்ணிக்கை மட்டும் அவ்வளவு வேகமாகக் குறையவில்லை. டார்வின் 1871-ல் எழுதிய மனிதனின் தோற்றத்தைப் பற்றிய புத்தகத்திலேயே, நாகரிகமடைந்த மனித ஜாதிகளில் இந்தப் பற்கள் பயனற்றுப் போய்க்கொண்டிருக்கின்றன என்று குறித்திருக்கிறார். நம் வைதீகத் தோழர்களோ எல்லாம் ஆண்டவன் அளந்து படைத்தது என்பார்கள். மூன்றடி நிலைக்கு நாலடிக் கதவைச் செய்துகொண்டு வந்து நிற்கிற தச்சனுக்கு நாம் கூலி கொடுப்போமா? தச்சனிடம் கேட்கிற கணக்கை ஆண்டவனிடம் கேட்டால் மட்டும் நாஸ்திகம் என்கிறார்கள்.

இருக்கட்டும். இந்தப் பல்லால் வருகிற தொல்லை என்ன என்பதைப் பார்ப்போம். பெரும்பாலும் கீழ்த்தாடைப் பல்தான் தொல்லைக்காரன். பல் பாதி வெளியே வந்து பாதி ஈறுக்குள் நிற்கும். அதன்மேல் ஒரு சதை மூடிபோல் கிடக்கும். அந்த மூடிக்கும் பல்லுக்கும் இடையில் சோற்றுப் பருக்கையும் வெற்றிலைத் துணுக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரஷ் போகாது, வேப்பங்குச்சியும் போகாது. அங்கே கிருமிகள் பெருகிச் சதை வீங்கும், மேல்பல் அந்த வீக்கத்தையே கடிக்கும், சீழ் பிடிக்கும், நாற்றமெடுக்கும், காது வரையில் குடையும், வாயைத் திறக்க முடியாமல் தாடை பூட்டிக்கொள்ளும். இன்னொரு வகை, படுத்துக் கிடக்கிற பல். இது பக்கத்துப் பல்லின் மேல் முட்டிக்கொண்டு நிற்கும். அந்தச் சந்தில் அழுக்குச் சேர்ந்து, ஒரு குற்றமுமறியாத பக்கத்துக் கடைவாய்ப்பல் சொத்தையாகிவிடும். கடைசியில் வேலை செய்கிற பல்லும் போய், வேலை செய்யாத பல்லும் போய், இரண்டு பல்லுக்கும் செலவு.

இந்த நிலைமையில் நம் கிராமத்தார் என்ன செய்கிறார்கள்? முதலாவது, பல்லில் புழு இருக்கிறதென்று கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டுப் புகை பிடிப்பது. புகை போட்டபின் தண்ணீரில் புழு விழுந்ததென்று காட்டிக் காசு வாங்குகிறவர்களும் உண்டு. இந்தப் புரட்டு நமக்கு மட்டும் சொந்தமல்ல. ஐரோப்பாவிலும் குரோசாணி ஓமத்தின் விதையைச் சுட்டுப் புகை போட்டு, சூட்டில் வெடித்து வெளிவந்த விதையின் கருவைப் புழுவென்று காட்டி வெகுகாலம் பிழைத்தார்கள். பிரெஞ்சு தேசத்துப் பல் வைத்தியர் பியேர் ஃபோஷார் என்பவர் 1728-ல் வெளியிட்ட புத்தகத்தில், தாம் பார்த்தவரையில் புழு எதையும் காணவில்லை என்று எழுதிவிட்டார். 1890-ல் மில்லர் என்பவர், வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையையும் மாவையும் புளிக்கவைத்து உண்டாக்குகிற அமிலந்தான் பல்லை அரிக்கிறதென்று விளக்கியாகிவிட்டது. ஐரோப்பாவில் செத்த புழு நம் ஊர் மரத்தடியில் மட்டும் இன்னும் உயிரோடு நெளிகிறது.

இரண்டாவது, வலிக்கிற இடத்தில் புகையிலையை அடக்கிக்கொள்வது. சோழவந்தான் வெற்றிலையும் திண்டுக்கல் புகையிலையும் நம் பக்கத்துப் பெருமை என்று பேசிக்கொள்கிறோம். வெற்றிலை பாக்கோடு புகையிலை சேர்த்துப் போடுவது புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985-லும், புகையிலை இல்லாமல் பாக்கோடு போடுவதும் அப்படியே என்று 2004-லும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் தீர்மானித்தது. அதைவிட முக்கியமான சங்கதி ஒன்றுண்டு. பாக்குப் போட்டுப் போட்டு வாயின் உட்சதை இறுகி நார்போல் ஆனாலும் வாய் திறக்க வராது. ஞானப்பல் வீங்கினாலும் வராது. ஒன்று நாள் கணக்கில் வருவது, மற்றொன்று மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் இறுகிக்கொண்டே போவது. இரண்டையும் "பல் முளைக்குது" என்று சொல்லி அதே புகையிலையையே மருந்தாக அடக்கி வைத்துக்கொண்டால், முடிவு எங்கே போகும் என்று சொல்லவேண்டுமா?

மூன்றாவது, எருக்கம்பாலை விடுவது. அது ஈற்றைச் சுட்டுப் புண்ணாக்கும். வலி மாறினதுபோல் தோன்றுவதெல்லாம் புது வலி வந்து பழைய வலியை மறைப்பதுதான். நாலாவது, மருந்துக் கடையில் போய் "பல்லுவலிக்கு ஒரு செட்டு மாத்திரை" என்று வாங்கி விழுங்குவது. இது படித்தவர்களுடைய கண்டங்கத்திரி. வலி இரண்டு நாள் அடங்கும்; மூடிக்குள் இருக்கிற அழுக்கு அப்படியே இருக்கும்; அடுத்த தடவை வீக்கம் முன்னைவிடப் பெரிதாக வரும். இதெல்லாம் போக நேர்த்திக்கடன் தனி. இந்த விஷயத்தில் இந்து மதத்தை மட்டும் குறை சொல்லுவது நியாயமாகாது. கிறிஸ்தவர்களில் கத்தோலிக்கர்களுக்கும் பல்வலிக்கென்றே ஒரு அம்மை இருக்கிறார். அப்போலோனியா என்று பெயர். கொடுமைக்காரர்கள் அந்த அம்மையாரின் பற்களையெல்லாம் உடைத்துவிட்டார்கள் என்பதுதான் அவருக்கு அந்த அதிகாரம் வந்ததற்குக் காரணம். தம் பல்லைக் காப்பாற்றிக்கொள்ள முடியாதவரிடம் நம் பல்லை ஒப்புவிப்பது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை.

இனி எல்லாவற்றிலும் பெரிய பயத்துக்கு வருவோம். "மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்" என்பது. இந்த ஒரு வாக்கியம் நம் கிராமங்களில் எத்தனை பேரை அழுகிய பல்லோடு வருஷக்கணக்காக உட்கார வைத்திருக்கிறதென்பதற்குக் கணக்கில்லை. பார்வையைக் கொண்டுபோகிற நரம்பு வேறு. அது கண்ணிலிருந்து நேரே மூளைக்குப் போகிறது. பல்லின் வலியைக் கொண்டுபோகிற நரம்பு வேறு. பல்லை எடுத்தால் பார்வை நரம்பில் ஒரு இழைகூட அசைவதில்லை. மேல்பல் வலிக்கும்போது கண்ணுக்குக் கீழும் நெற்றிப்பொட்டிலும் சேர்ந்து வலிப்பதால்தான் இந்தக் கட்டுக்கதை பிறந்திருக்க வேண்டும். உண்மை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. அழுகிய மேல்பல்லைப் பிடுங்காமல் வைத்திருந்து, அந்தச் சீழ் மேலே பரவிக் கண்குழியைப் பிடித்துக்கொண்டால் அப்போதுதான் பார்வைக்கு ஆபத்து. இப்படி நேருவது அபூர்வம், ஆனாலும் நேருவதுண்டு. அதாவது, கண்ணுக்குப் பயந்து பல்லை வைத்திருக்கிறவன்தான் கண்ணைப் பணயம் வைக்கிறவன்.

இந்தப் பயம் வேறு எந்த ஊரில் இருந்தாலும் பொறுக்கலாம். மதுரையில் இருப்பதை எப்படிப் பொறுப்பது? 1976-ல், அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கண் வைத்தியர் கோ. வேங்கடசாமி இந்த மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கீல்வாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர். அந்த விரல்களைக்கொண்டே கத்தி பிடித்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண்களுக்கு ஆபரேஷன் செய்தார். அவர் பக்திமான், ஆஸ்பத்திரிக்கு அரவிந்தர் பெயரையே வைத்தார். ஆனாலும் வந்தவர்களுக்கு விபூதி கொடுத்து அனுப்பவில்லை என்பதை நம் பக்தர்கள் கவனிக்க வேண்டும். கண்ணில் புரை விழுந்தால் மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குருடாகிப்போவதுதான் அதற்கு முன் நம் கிழவர் கிழவிகளின் விதி. கண்ணில் கத்தி வைப்பதா என்று பதறியவர்கள், கிராமம் கிராமமாக நடந்த முகாம்களைப் பார்த்து, பஸ் பஸ்ஸாக ஏறி வந்து ஆபரேஷன் செய்துகொண்டு பார்வையோடு திரும்பினார்கள். கண்ணையே கத்திக்குக் கொடுத்துப் பிழைத்த ஜனங்கள், பல்லைக் கொடுத்தால் கண் போகும் என்கிறார்களே, இதைவிட வேடிக்கை வேறு உண்டா? அந்தக் கண் வைத்தியர்களையே ஒரு வார்த்தை கேட்கட்டும். கண் ஆபரேஷனுக்கு முன் வாயில் சீழ்ப்பல் இருந்தால் அதை முதலில் சரிசெய்துகொண்டு வா என்றுதான் சொல்லுவார்கள்.

"முன்னோர் சொன்னது பொய்யாகுமா?" என்பார்கள். கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டிலைவிடப் பெரிய முன்னோர் மேல்நாட்டாருக்கு இல்லை. அவர் ஆணுக்கு இருப்பதைவிடப் பெண்ணுக்குப் பல் குறைவு என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். வீட்டிலிருந்த பெண்பிள்ளையை வாயைத் திறக்கச் சொல்லி எண்ணியிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துபோகிற சங்கதி. முன்னோர்களிடம் அறிவு இல்லையென்று நாம் சொல்லவில்லை. எண்ணிப் பார்க்கவேண்டியதை எண்ணிப் பார் என்றுதான் சொல்லுகிறோம்.

பெண்களின் பாடுதான் இதில் மிகவும் பரிதாபம். இந்தப் பல் தொல்லை கொடுக்கிற வயது, கிராமத்துப் பெண்களுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பெறுகிற வயது. கல்யாணத்துக்கு முன்னாலானால், பல் பிடுங்கினவள் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வராது என்று தாய் மறைக்கிறாள். அத்தனை கடைசியில் உள்ள பல்லை மாமியார் விளக்குப் பிடித்துப் பார்த்தாலும் காணமுடியாது என்பது அவளுக்குத் தோன்றுவதில்லை. கல்யாணத்துக்குப் பின்னாலானால் மாமியாருடைய உத்தரவு, புருஷனுடைய உத்தரவு, பஸ்ஸுக்குக் காசு. இவ்வளவும் கூடிவரும்போது கர்ப்பமாயிருப்பாள். கர்ப்பிணி பல்லைத் தொடவே கூடாதென்பது அடுத்த பூட்டு. உண்மை என்னவென்றால், நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரையில் பல் வைத்தியம் செய்துகொள்ளத் தோதான காலம். மரத்துப்போக வைக்கிற லிக்னோகெயின் ஊசியைக் கர்ப்பிணிக்கும் போடலாம். சீழ் பரவுகிற ஆபத்தானால் எந்த மாதமாயிருந்தாலும் வைத்தியம் செய்தே ஆகவேண்டும். சீழோடும் ஜுரத்தோடும் பத்து நாள் பட்டினி கிடப்பதுதான் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல். வீட்டு ஆண்பிள்ளைக்குப் பல் வலித்தால் அன்றைக்கே மதுரைக்கு வண்டி. பெண்பிள்ளைக்கு வலித்தால் கிராம்பு. இந்த வித்தியாசத்தைச் செய்கிறவர் பகுத்தறிவுக் கூட்டத்துக்கு வந்து கை தட்டுவதில் பிரயோஜனமில்லை.

நிற்க. இவ்வளவும் சொன்னதால், ஞானப்பல் என்றாலே பிடுங்கி எறிய வேண்டியதென்று நாம் சொல்லுவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். மூடநம்பிக்கை கிராமத்துக்கு மட்டும் சொந்தமல்ல. கோட்டுப் போட்டதும் உண்டு. பிற்காலத்தில் கெடும், முன்பல்லைத் தள்ளிக் கோணலாக்கிவிடும் என்று சொல்லி, ஒரு நோயுமில்லாத நாலு பல்லையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுகிற வழக்கம் மேல்நாட்டில் வளர்ந்து, இப்போது நம் பட்டணங்களுக்கும் வந்திருக்கிறது. அமெரிக்காவில் வருஷந்தோறும் சுமார் 50 லட்சம் பேருக்கு ஒரு கோடி ஞானப்பற்கள் பிடுங்கப்படுகின்றன என்றும், அவற்றில் மூன்றில் இரண்டு பங்காவது அனாவசியம் என்றும் அந்நாட்டுப் பல் வைத்தியர் ஒருவரே 2007-ல் பொது சுகாதாரச் சஞ்சிகையில் எழுதி, தம் தொழில்காரர்களின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டார். இங்கிலாந்தில் 2000-ல் அரசாங்க வைத்தியத்துக்கு வழிகாட்டுகிற ஸ்தாபனம், நோயில்லாத ஞானப்பல்லை வருமுன் காப்பு என்ற பெயரால் எடுக்கிற வழக்கத்தை நிறுத்தும்படி சொல்லிவிட்டது. முன்பல் கோணலாகாமல் இருக்க ஞானப்பல்லை எடுக்கவேண்டும் என்பதற்கும் தக்க ருஜு இல்லை. கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணிடமும் பையனிடமும் இந்தக் காரணத்தைச் சொல்லிப் பணம் பறிப்பதற்கும், தோஷம் கழிக்கிறேன் என்று பறிப்பதற்கும் நமக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆகவே எப்போது எடுப்பது? வைத்திருப்பதற்கும் காரணம் வேண்டும். எடுப்பதற்கும் காரணம் வேண்டும். நேராக முளைத்து, மேல்பல்லோடு பொருந்தி, பிரஷ் எட்டுகிற பல்லானால் அது பாட்டுக்கு இருக்கட்டும். எலும்புக்குள்ளே சத்தமில்லாமல் கிடக்கிற பல்லும், எக்ஸ்ரேயில் கெடுதல் ஒன்றும் காணாதவரையில் கிடக்கட்டும். ஒன்றிரண்டு வருஷத்துக்கொரு முறை வைத்தியரிடம் காட்டிக்கொண்டால் போதும். சதைமூடி வீக்கம் முதல் தடவை லேசாக வந்தால், வைத்தியர் மூடிக்கடியைக் கழுவிச் சுத்தம் செய்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவர, பெரும்பாலும் தணிந்துவிடும். மறுபடியும் வந்தால், அல்லது முதல் தடவையே கடுமையாக வந்தால், தணிந்த பிறகு எடுத்துவிடுவதே சரி. அடைக்க முடியாத சொத்தை, வேர்முனையில் சீழ், பக்கத்துப் பல்லை அரிப்பது, பல்லைச் சுற்றி நீர்க்கட்டி, இவற்றில் எது இருந்தாலும் தாமதம் கூடாது.

எடுக்க வேண்டியதென்று ஏற்பட்டுவிட்டால் வயது போகப் போகக் கஷ்டம். இருபது வயதை ஒட்டி வேர் முழுதும் வளராமலும் எலும்பு இளக்கமாகவும் இருக்கும். நாற்பதுக்குமேல் எலும்பு இறுகிவிடும். புண் ஆறவும் நாளாகும். கீழ்ப்பல்லின் வேருக்கடியில் உதட்டுக்குப் போகிற நரம்பு ஒன்று ஓடுகிறது. உட்புறத்தில் நாக்குக்குப் போகிற நரம்பு ஒன்றுண்டு. சிலருக்கு எடுத்தபின் உதடோ நாக்கோ கொஞ்ச காலம் மரத்திருக்கும்; அநேகமாகத் திரும்பிவிடும்; வெகு சிலருக்குத் திரும்பாமலும் போகும். இதை முன்கூட்டியே சொல்லுகிறவரே யோக்கியமான வைத்தியர். எக்ஸ்ரே எடுக்காமல் கீழ் ஞானப்பல்லில் கை வைக்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். படத்தைக் காட்டச் சொல்லுங்கள். இந்தப் பல் செய்த குற்றம் என்ன என்று கேளுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் வேறு வைத்தியர் இல்லாமல் போகவில்லை. 1948-ல் சட்டம் வந்து, பதிவு செய்துகொண்டவர்தான் பல் வைத்தியம் செய்யலாம் என்று ஏற்பட்ட பிறகும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குச் சந்தை போய்க் குறட்டால் பிடுங்குகிறவரிடம் வாயைத் திறப்பவர்களைப் பற்றி நாம் என்ன சொல்ல? அவருடைய குறடு முந்தின வாரம் யார் வாயில் இருந்ததென்று அவருக்கே தெரியாது. ஏழைகளுக்குப் போக்கிடம் இல்லையென்பதும் சரியல்ல. நம் பாட்டன்மார் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றழைத்த இன்றைய அரசு இராஜாஜி ஆஸ்பத்திரியில் பல் வைத்தியப் பகுதி இருக்கிறது. அங்கே காத்துக்கிடக்க வேண்டியிருக்கிறது, கூட்டம் அதிகம் என்றால், வைத்தியர்களையும் நாற்காலிகளையும் அதிகப்படுத்தும்படி கேட்பது ஜனங்களின் வேலை. கோயிலில் எட்டு மணி நேரம் வரிசையில் நிற்க முடிகிறவர்கள் ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் நிற்பதைப் பெருந்துன்பமாகச் சொல்லுவதுதான் நமக்கு விளங்கவில்லை.

பல்லை எடுத்த பிறகு அந்தக் குழியில் இரத்தம் உறைந்து நிற்கவேண்டும். அதுதான் புண்ணுக்குப் போர்வை. அதைத் துப்பித் துப்பி வெளியேற்றுவதும், அன்றைக்கே கொப்பளிப்பதும், பீடி இழுப்பதும், புகையிலை அடக்குவதும் எலும்பை வெளியே காட்டிவிடும். மூன்றாம் நாள் வருகிற வலி பல்வலியைவிடக் கொடியது. சர்க்கரை வியாதிக்காரரும் இரத்தம் இளக்க மாத்திரை சாப்பிடுகிறவரும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர் நாக்குக்கடியிலுள்ள தசைக்கும் கீழே இறங்குகிறது. ஆகையால் அங்கே பிடித்த சீழ் சில சமயம் கழுத்துக்குள் இறங்கி, நாவடியைத் தூக்கி, மூச்சுக்குழாயையே அடைத்துவிடும். 1836-ல் ஜெர்மன் வைத்தியர் லுட்விக் இதை விவரித்தார். கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் வருவதற்கு முன் இது வந்தவரில் பாதிக்குமேல் செத்தார்கள். இன்றைக்கு நேரத்தோடு கொண்டுவந்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். பல்வலிக்காரருக்குத் தாடைக்கடியில் கட்டையாக வீக்கம், ஜுரம், இரண்டு விரல் நுழையாத அளவுக்கு வாய் பூட்டு, எச்சில் விழுங்க முடியாமை, குரல் மாறுதல், படுத்தால் மூச்சுத் திணறல் இவை கண்டால், ஒத்தடம் கொடுத்துக்கொண்டும் வெள்ளிக்கிழமையில் இரத்தம் சிந்தக்கூடாதென்று நாள் பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டாம். மேலூரானாலும் உசிலம்பட்டியானாலும் இராத்திரி எத்தனை மணியானாலும் 108 வண்டியைக் கூப்பிட்டு, நோயாளியைப் படுக்க வைக்காமல் உட்கார வைத்தே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.